உருளைக்கிழங்கு அவித்த தமிழ் மணி: நியூசிலாந்துக்கு எப்படிப் போனது?

#1 வடக்குவீதி

மூன்று நாளாக எங்கள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. காரணம் ஒரு மணி.

குடும்ப வாட்ஸாப் குழுவில் அப்பா ஒரு படம் போட்டார். பச்சைக் களிம்பு ஏறிய, அடிப்பக்கம் உடைந்த வெண்கல மணி. கீழே, 'நியூசிலாந்தை முதலில் கண்டுபிடித்தவன் தமிழன்! 2000 ஆண்டு ஆதாரம்! பகிருங்கள்!' அத்தை, சித்தப்பா எல்லாரும் கைதட்டல் போட்டாகிவிட்டது. நான் மட்டும் வாய் சும்மா இருக்காமல் "2000 எப்படிப்பா?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

தேடிப் பார்த்ததில் மணி உண்மைதான். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற ஆங்கிலேயப் பாதிரியார், நியூசிலாந்தின் வடக்கே வாங்காரே பக்கம் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிப் பெண்கள் ஒரு உலோகச் சட்டியில் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். உற்றுப் பார்த்தால் அது சட்டி இல்லை, தலைகீழாக வைத்த மணி. சுற்றிலும் ஏதோ எழுத்து. ஒரு இரும்புப் பாத்திரத்தைக் கொடுத்து அதை வாங்கிக்கொண்டதாகச் சொல்கிறார்கள். எழுத்து தமிழ் என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. உயரம் 13 செ.மீ. அளவுதான், ஒரு சாண்கூட இல்லை.

அப்புறம்தான் குழப்பம். ஒருவர் 500 ஆண்டு என்கிறார், ஒருவர் சோழர் என்கிறார், ஒருவர் போர்த்துக்கீசியர் கொண்டுபோனது என்கிறார். இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். அப்பாவிடம் சமாதானமாகப் போக ஏதாவது வழி சொல்லுங்கள்.

#2 ஓலைநறுக்கு

முதலில் மணியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம். அதைப் படிக்காமலேயே பாதிப்பேர் சண்டை போடுகிறார்கள்.

'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி.'

அவ்வளவுதான். ஊர் இல்லை, ஆண்டு இல்லை, அரசன் பெயர் இல்லை. இன்றைக்கு நாம் எழுதினால் 'முகைதீன் பக்சுவுடைய கப்பலின் மணி' என்று எழுதுவோம். 'பக்சு' எப்படி 'வக்குசு' ஆனது என்று குழம்ப வேண்டாம். நம் எழுத்தில் அந்த ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது. ஒருவர் ப போடுவார், இன்னொருவர் வ போடுவார். பைபிளை விவிலியம் ஆக்கியதும் இதே பழக்கம்தான்.

500 ஆண்டுக் கணக்குக்கு வருகிறேன். சில எழுத்துகள் இன்றைய வடிவத்தில் இல்லை, அதனால் பிற்காலப் பாண்டியர் காலமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. 'இருக்கலாம்' என்பதை வாட்ஸாப்காரர்கள் வெட்டிவிட்டார்கள். ஓலையில் புள்ளி வைத்தால் எழுத்தாணி கிழிக்கும் என்று புள்ளியே வைக்காமல் எழுதினோம். ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும். 19ஆம் நூற்றாண்டு ஓலைப் பத்திரத்திலும் இதே கதைதான். பழைய வடிவம் இருக்கிறது, புள்ளி இல்லை என்பதை மட்டும் வைத்துக் காலம் சொன்னால் என் கொள்ளுத்தாத்தாவின் நிலப் பத்திரம் பாண்டியர் செப்பேடாகிவிடும். எழுத்தை வைத்து 'இதற்கு முன்னால் இருக்காது' என்று சொல்லலாம். 'இதற்குப் பின்னால் இருக்காது' என்று சொல்வது ரொம்பக் கஷ்டம், அதுவும் 6 சொல்லை வைத்துக்கொண்டு.

#3 காயல்காற்று

ஓலைநறுக்கு எழுத்தைச் சொல்லிவிட்டார், நான் பெயரைச் சொல்கிறேன். எங்கள் ஊரில் தெருவுக்கு 10 முகைதீன் இருப்பார்கள்.

முகைதீன் என்பது பாக்தாதில் அடங்கியிருக்கும் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் பட்டப்பெயர். எங்கள் கரையோரம் முழுக்க அவர்கள் மேல் அவ்வளவு பக்தி. 'பக்சு' பாரசீகச் சொல், 'அருளியது' என்று வைத்துக்கொள்ளுங்கள். முகைதீன் ஆண்டகை அருளியது என்று பொருள் வரும். இது ஆளின் பெயராகவும் இருக்கலாம், கப்பலின் பெயராகவும் இருக்கலாம். மரக்காயர்கள் கப்பலுக்கு இப்படிப் பெயர் வைப்பது சாதாரணம். பெயரே கடலில் காவல் என்று ஒரு நம்பிக்கை. என் வாப்பாவுடைய வாப்பா வைத்திருந்த தோணிக்கும் காதர் பக்சு என்றுதான் பெயர்.

அதனால் அந்த முதல் 'உடைய' எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. 'முகைதீன் பக்சு என்பவருக்குச் சொந்தமான கப்பல்' என்றும் படிக்கலாம், 'முகைதீன் பக்சு என்னும் கப்பல்' என்றும் பேச்சுவழக்கில் நீட்டிப் படிக்கலாம். இலக்கணப்படி முதலாவதுதான் சரி. ஆனால் மணி வார்த்த கன்னாருக்கு எழுதிக் கொடுத்தவர் இலக்கணப் புலவர் இல்லையே.

#4 வேங்கைக்கொடி

எல்லாரும் சேர்ந்து தமிழன் பெருமையைக் குறைப்பதிலேயே குறியாக இருக்கிறீர்கள். 1025இல் ராசேந்திர சோழன் கடாரம் வரை கப்பல் படை அனுப்பினான். கடாரம் போனவனுக்குக் கீழே நியூசிலாந்து எட்டாதா? வெள்ளைக்காரன் அருங்காட்சியகத்தில் நம் எழுத்தை வைத்துக்கொண்டு 'எப்படி வந்தது தெரியாது' என்பான், நீங்களும் தலையாட்டுவீர்கள்.

#5 ஓலைநறுக்கு

//1025இல் ராசேந்திர சோழன் கடாரம் வரை//

வேங்கை, கோபப்படாமல் ஒரு கணக்குப் போடுங்கள். காயல்காற்று சொன்ன அப்துல் காதிர் ஜீலானி மறைந்தது 1166. ராசேந்திரனின் படையெடுப்பு 1025. அவர் பெயரை நேர்ந்துகொண்டு கப்பலுக்கு மணி வார்த்தவர் ராசேந்திரன் காலத்தில் இருக்க வழியே இல்லை. அப்போது ஜீலானி அவர்கள் பிறக்கவேயில்லை. 2000 ஆண்டும் அதோடு போச்சு.

கடாரத்திலிருந்து நியூசிலாந்து 'கீழே' என்பதையும் ஒருமுறை நிலப்படத்தில் பாருங்கள். இடையில் ஆஸ்திரேலியா என்று ஒன்று இருக்கிறது.

#6 சுக்கானி

34 வருடம் சரக்குக் கப்பலில் இருந்துவிட்டு இப்போது தூத்துக்குடியில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பவன் நான். மணி என்றதும் கை துறுதுறு என்கிறது. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கப்பலில் மணி அழகுக்கு இல்லை. கடிகாரம் இல்லாத காலத்தில் அரைமணி நேர மணற்குடுவையைக் கவிழ்க்கும்போதெல்லாம் அடிப்பார்கள். 4 மணி நேரம் ஒரு காவல் முறை. முதல் அரை மணிக்கு 1 அடி, அடுத்ததற்கு 2, இப்படிப் போய் 8 அடி விழுந்தால் உன் முறை முடிந்தது, அடுத்தவன் வருவான். இரண்டிரண்டாகச் சேர்த்து அடிக்க வேண்டும், டிங்-டிங், டிங்-டிங். 8 அடி கேட்கும்போது வருகிற நிம்மதி இருக்கிறதே, அதைக் கரையில் இருப்பவனுக்கு விளக்க முடியாது. புத்தாண்டு இரவில் மட்டும் 16. பழைய வருடத்துக்கு 8, புதியதற்கு 8.

இன்னொரு வேலை மூடுபனி. நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல் நிமிடத்துக்கு ஒருமுறையாவது 5 விநாடி விடாமல் அடிக்க வேண்டும். 100 மீட்டருக்கு மேல் நீளமென்றால் முன்னால் மணி, பின்னால் சேகண்டி. இன்றைக்கும் இது சர்வதேச விதி. 20 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் மணிக்கு வாய் விட்டம் 300 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இந்தக் கணக்கில் வடக்குவீதி சொல்லும் மணி பொடிசு. அடிப்பக்கம் உடைந்ததைச் சேர்த்துக்கொண்டாலும் பெரிய மணியாக இருந்திருக்காது. ஆனால் அந்தக் காலத்துத் தோணிக்கோ பாய்க்கப்பலுக்கோ யார் விதி போட்டார்கள்? பாய் படபடக்கிற சத்தத்தைத் தாண்டி ஆள் காதில் விழுந்தால் போதும்.

இப்போது முக்கியமான விஷயம். மணியில் இருக்கிற பெயர் கப்பலின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி. அதனால்தான் மூழ்கிய கப்பலை அடையாளம் காண முதலில் மணியைத் தேடுவார்கள். அமெரிக்காவில் 1984இல் ஒரு கொள்ளையர் கப்பலின் சிதைவைக் கண்டுபிடித்தார்கள். 'தி விடா கேலி 1716' என்று எழுதிய மணி மறு வருடம் கிடைத்த பிறகுதான் சந்தேகப்பட்டவர்கள் வாயை மூடினார்கள்.

ஆனால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நான் வேலை பார்த்த ஒரு கப்பல் மூன்று கை மாறி மூன்று பெயர் மாறியது. முகப்பில் ஒரு பெயர், உயிர்காப்பு மிதவையில் அழிந்தும் அழியாமலும் இன்னொரு பெயர், மணியில் மட்டும் நார்வே மொழியில் முதல் பெயர். மணியை மாற்ற மாட்டார்கள், மாற்றினால் ஆகாது என்பார்கள். அந்த மணியைத் துலக்கித் துலக்கி அந்த எழுத்து ஒவ்வொன்றும் என் கட்டைவிரலுக்கு மனப்பாடம். அதன் சொந்தக்காரர் யார், எந்த ஊர், எனக்கு ஒன்றும் தெரியாது. அந்தக் கப்பல் எங்காவது மூழ்கி, 200 வருடம் கழித்து மணியை எடுத்தால், 'நார்வேக்காரர்கள் இங்கே வந்தார்கள்' என்று எழுதுவார்கள். உள்ளே இருந்தது நாங்கள்.

லண்டனில் லாயிட்ஸ் காப்பீட்டு நிறுவனத்தில் ஒரு மணி தொங்குகிறது. 1799இல் நெதர்லாந்துக் கரையில் தங்கத்தோடு மூழ்கிய 'லூட்டீன்' கப்பலிலிருந்து 1858இல் எடுத்தது. கப்பல் பற்றிக் கெட்ட செய்தி வந்தால் ஒரு அடி, நல்ல செய்தி வந்தால் இரண்டு அடி என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அதில் எழுதியிருக்கிற பெயர் லூட்டீன் இல்லை. 'சான் ஜான் 1779.' சாட்சாத் அந்தக் கப்பலிலிருந்தே எடுத்த மணியில் அந்தக் கப்பலின் பெயர் இல்லை!

எனவே மணி யாருக்காக வார்க்கப்பட்டது என்பதை மணி சொல்லும். கடைசியாக யார் கொண்டுபோனார்கள் என்று அதனிடம் கேட்காதீர்கள்.

#7 பழையசாமான்

ஐயா, நடுவில் ஒரு சந்தேகம். மும்பை சோர் பஜாரில் 4500 ரூபாய் கொடுத்து ஒரு கப்பல் மணி வாங்கினேன். 'டைட்டானிக் 1912' என்று எழுதியிருக்கிறது. நகல்தான் என்று தெரியும், ஆனால் பழைய நகலா?

#8 சுக்கானி

தம்பி, பழைய நகல் என்று ஒன்று உண்டா? மொராதாபாத்தில் போன வருடம் வார்த்திருப்பார்கள். உண்மையான கப்பல் மணி பெரும்பாலும் வெண்கலம், ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். தட்டினால் ஓசை இழுத்துக்கொண்டே போகும். பித்தளை 'டக்'கென்று நின்றுவிடும். பல வருடம் துலக்கிய மணியில் எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். கூராக விரலைக் கீறினால் புதுசு. உண்மை வேண்டுமென்றால் குஜராத்தில் அலங் பக்கம் போய்ப் பாருங்கள், உடைக்கிற கப்பலிலிருந்து கழற்றிய சாமான் சாலையோரம் குவிந்து கிடக்கும். டைட்டானிக் காவல்கூண்டு மணி 1987இல் கடலடியிலிருந்து எடுத்தாகிவிட்டது. பனிமலையைப் பார்த்தவன் மூன்று முறை அடித்தானே, அதுதான். அது சோர் பஜாருக்கு வரவில்லை.

#9 தென்கோடிக்கிளி

ஆக்லாந்திலிருந்து எழுதுகிறேன். இந்தப் பக்கத்துக் கோணமும் இருக்கட்டும்.

'சட்டியாகப் பயன்படுத்தினார்கள்' என்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். மாவோரிகளிடம் மண்பாண்டம் வனையும் வழக்கம் இல்லை, உலோகமும் இல்லை. மண்ணில் குழி தோண்டி, சூடேற்றிய கற்களைப் போட்டு, மேலே மூடி வேகவைப்பார்கள். இன்றும் ஏதாவது விசேஷம் என்றால் அப்படித்தான், ஹாங்கி என்று பெயர். அப்படிப்பட்ட சமையலில் நெருப்பில் வைத்தாலும் உடையாத ஒரு பாத்திரம் கிடைத்தால் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றுவார்களா, மாட்டார்களா? புயலில் சாய்ந்த பெரிய மரத்தின் வேரடியில் அது கிடைத்தது, பல தலைமுறையாக எங்களிடம் இருக்கிறது என்று அவர்கள் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. உருளைக்கிழங்கும் அவர்களுடையது இல்லை. 18ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஐரோப்பியக் கப்பல்களோடு வந்தது. ஆக, வெளியிலிருந்து வந்த பாத்திரத்தில் வெளியிலிருந்து வந்த கிழங்கு.

பிரிட்டிஷ் கடற்படையில் இதே மாதிரி கப்பல் மணியைத் தலைகீழாக வைத்து, தண்ணீர் ஊற்றி, மாலுமிகளின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். அவர்கள் செய்தால் மரபு, மாவோரிகள் செய்தால் வேடிக்கை.

யார் கொண்டுவந்தார்கள்? எனக்குப் பிடித்த கப்பல் ஒன்று இருக்கிறது. ஜூன் 1769இல் நம் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட பிரெஞ்சு வணிகக் கப்பல், 'சான் ஜான் பப்தீஸ்த்'. தலைவர் டி சுர்வீல். (சுக்கானி ஐயாவின் 'சான் ஜான்' மணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிரெஞ்சுக்காரர்களுக்குப் பெயர்ப் பஞ்சம்.) அதில் இந்தியக் கப்பலாட்களும் இருந்தார்கள். டிசம்பரில் நியூசிலாந்தின் வடமுனை விரிகுடா ஒன்றில் ஒதுங்கியது. அங்கே புயலில் மாட்டி நங்கூரங்களை அறுத்துவிட்டுத் தப்பியது. அதே புயலில் சற்றுத் தள்ளி கேப்டன் குக்கின் கப்பலும் தத்தளித்துக்கொண்டிருந்தது, ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. 1974இல் அந்த நங்கூரங்களைக் கடலடியில் கண்டுபிடித்தார்கள். ஒன்று தே பாப்பாவுக்கே போனது. கோரமண்டல் கரையிலிருந்து வந்த கப்பலின் நங்கூரமும், தமிழ் எழுதிய மணியும் ஒரே அருங்காட்சியகத்தில்!

மணி அந்தக் கப்பலில்தான் வந்தது என்று நான் சொல்லவில்லை. இந்தியப் பொருள் இங்கே வர தமிழ்க் கப்பலே வர வேண்டியதில்லை என்று சொல்கிறேன். கொலென்சோ மணியைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே கல்கத்தாவுக்கும் சிட்னிக்கும் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 1797இல் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்குச் சரக்கோடு வந்த 'சிட்னி கோவ்' டாஸ்மேனியா பக்கம் தரைதட்டியது, அதிலும் பெரும்பாலும் இந்திய மாலுமிகள்தான். பிறகு திமிங்கில வேட்டைக் கப்பல்கள், மரம் ஏற்ற வருகிற கப்பல்கள் எல்லாம் இந்த வடகரைக்கு வந்துபோயின. யாரோ ஒருவன் மூட்டையில் ஒரு உடைந்த வெண்கல மணி இருக்காதா என்ன? பண்டமாற்றுக்கு வெண்கலம் நல்ல சரக்கு.

#10 வேங்கைக்கொடி

சரி, ராசேந்திரனை விடுகிறேன். ஆனால் முகைதீன் பக்சுவின் கப்பலே காற்றில் அடித்துக்கொண்டு போய் அங்கே ஒதுங்கியிருக்கக் கூடாதா? ஆள் இல்லாமல் மிதந்து போயிருக்கலாமே. மரத்தின் வேரடியில் கிடைத்தது என்றால் மரம் வளர எத்தனை வருடம்?

#11 தென்கோடிக்கிளி

போயிருக்கலாம். மரம் சாய்ந்ததை நாம் யாரும் பார்க்கவில்லை, கேட்டுச் சொன்னவர் சொன்னதைக் கேட்டுச் சொல்கிறோம். கப்பலே ஒதுங்கியிருந்தால் ஒரு ஆணி, ஒரு பானை ஓடு, நங்கூரக்கல் ஏதாவது கூட வர வேண்டும். பெரும் புயலில் ஆழத்துக்குப் போன டி சுர்வீலின் நங்கூரங்களே கிடைத்துவிட்டன.

#12 காயல்காற்று

வேங்கை தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. மூன்று நாளாக ஊரெல்லாம் 'தமிழன் கப்பல்' என்று பகிர்கிறார்கள். ஒரு இடத்திலாவது 'முகைதீன் பக்சு' என்ற பெயர் வந்ததா? படத்தைப் போடுகிறார்கள், எழுத்தைப் போடுகிறார்கள், பெயரை மட்டும் போடுவதில்லை. பக்கத்தில் புலிக்கொடி வேறு.

பெருமைக்குக் கடாரம் வரை போக வேண்டாம், கீழக்கரை வரை வாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் வள்ளல் சீதக்காதியின் கப்பல்கள் ஓடிய ஊர். நாகூர், நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை, அதிராம்பட்டினம், காயல் என்று வரிசையாக எங்கள் துறைமுகங்கள். துணி ஏற்றிக்கொண்டு அச்சே, கெடா, மலாக்கா போய், பாக்கும் வெள்ளீயமும் ஏற்றித் திரும்பினார்கள். பினாங்கில் 1786இல் ஆங்கிலேயர் கொடி ஏற்றியதும் அங்கே போய் நின்றவர்களில் பரங்கிப்பேட்டை காதர் முகைதீன் ஒருவர், அங்கிருந்த தென்னிந்தியர்களுக்குத் தலைவராகி 'கப்பித்தான் கிளிங்' என்று அழைக்கப்பட்டவர் அவர்தான். அவர் எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் அங்கே நடுத்தெருவில் இருக்கிறது. சிங்கப்பூரில் நாகூர் தர்கா 1830க்குள் கட்டி முடித்தாகிவிட்டது. அந்த மணி வெள்ளீயம் கலந்த வெண்கலம். அந்த ஈயம்கூட மலாய்க் கரையிலிருந்து வந்ததாக இருக்கலாம், இது என் கற்பனை மட்டும்.

இத்தனை கப்பல் ஓடியதற்கு நம் கையில் எத்தனை கப்பல் மணி இருக்கிறது? பழுதானால் உருக்கிக் குத்துவிளக்கோ அண்டாவோ செய்துவிடுவோம். அதை உருக்காமல் வைத்திருந்தவர்கள் அந்த மாவோரிப் பெண்கள்தான். கிழங்கு அவித்தால் என்ன, நன்றி சொல்ல வேண்டும்.

#13 வல்வெட்டியான்

பாக்கு, வெள்ளீயம் என்று ஆசையைக் கிளப்பிப்போட்டீங்கள். எங்கட ஊர் வல்வெட்டித்துறையில் கட்டின 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பலை ஒரு அமெரிக்கர் வாங்கி, எங்கட ஊர்ப் பிள்ளைகள் ஓட்டிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தவை. அது நடந்த கதை, ஆட்களும் ஊர் திரும்பினவை. அவர் வாங்கின பிறகு கப்பலுக்கு அமெரிக்கரின்ர மனைவியின்ர பெயர். மணியிலயும் மாத்தினவையோ என்று சுக்கானி ஐயா சொன்னதைப் படிச்ச பிறகுதான் யோசிக்கிறன்.

#14 மட்டுறுத்துநர்

பழையசாமான், உங்கள் மணிக்குத் தனி இழை தொடங்குங்கள். வேங்கைக்கொடி, நீங்கள் நீக்கிய பதிவை நாங்கள் பார்த்துவிட்டோம். இனி அந்தத் தொனி வேண்டாம்.

#15 வடக்குவீதி

எல்லாருக்கும் நன்றி. இரவு சாப்பிட்ட பிறகு அப்பாவிடம் முழு இழையையும் வாசித்துக் காட்டினேன். 1166 கணக்கு வந்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நார்வே மணிக்குச் சிரித்தார். 'எட்டு அடி விழுந்தால் முறை முடிந்தது' என்பதை இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். அவர் மில்லில் முறை வேலை பார்த்தவர், சங்கு ஊதினால் வீட்டுக்கு வருபவர்.

கடைசியில் ஒன்றும் சொல்லாமல் கைப்பேசியை எடுத்துப் பழைய பதிவை அழித்தார். வெற்றி என்று நினைத்தேன். காலையில் குடும்பக் குழுவில் புதுப் பதிவு: 'நியூசிலாந்தில் காயல்பட்டினத்து முகைதீன் பக்சுவின் மணி! பகிருங்கள்!'

#16 காயல்காற்று

அல்லாவே. எங்கள் ஊர் என்று நான் எங்கே சொன்னேன்? அப்பாவிடம் சொல்லுங்கள், இப்போது கீழக்கரைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

#17 கீழக்கரையான்

வந்தாச்சு.